டைல்ஸ் ஆடுகிறதா? முதலில் தட்டிப் பாருங்கள்!



பாத்ரூம் சுவரில் ஒரு டைல்ஸ் லேசாக ஆட ஆரம்பித்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஒரு பாக்கெட் ஒயிட் சிமென்ட் வாங்கி, குழைத்து, ஓரமெல்லாம் விரலால் தடவி விடுகிறோம். மறுநாள் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் குளிக்கிற இடத்தில் டைல்ஸ் ஆடினால், பெரும்பாலும் அதன் பின்னால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தை மட்டும் அடைத்துவிட்டால் அது வேறு வழி தேடிக்கொண்டு கீழே இறங்கும். தனி வீடு என்றால் சுவரில் ஓதம் காக்கும், அவ்வளவுதான். எங்களைப் போல மாடியில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. நம் சுவரின் தண்ணீர் இன்னொருவர் தலைக்கு மேல் சொட்டும்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. நாங்கள் இருப்பது மேடவாக்கத்தில், முதல் மாடி ஃபிளாட். ஷவர் குழாய்க்குக் கீழே இரண்டு டைல்ஸ் ஆடுகிறது என்று கொத்தனாரைத் தேடிக்கொண்டிருந்த அதே வாரம், கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். சண்டை போடுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

"எங்க ரூம் சீலிங்குல உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பேந்து விழுந்திருக்கும்மா. பொண்ணுக்கு ஒன்பதாம் மாசம். பச்சப் புள்ளையை அந்த ரூம்லதான் போடணும். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். முறம் அளவுக்கு ஈரத் திட்டு. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, தூளி கட்டுகிற இரும்புக் கொக்கி. அதைச் சுற்றிலும் துருவின் பழுப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காங்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி முன்பு இருந்ததைவிடப் பருக்கும். பருத்த கம்பி காங்கிரீட்டையே பிளந்து தள்ளும். பூச்சு பெயர்வது அதற்கு முன்னோட்டமாகவும் இருக்கலாம்.

மறுநாளே ஆள் கூப்பிட்டோம். முதலில் வந்தவர் கதவருகில் நின்றபடியே, "மொத்தமா ஒடைச்சிட்டுப் புதுசா போட்டுரலாம், 80,000 ஆகும்" என்றார். அடுத்து வந்தவர், "இதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒயிட் சிமென்ட் பூசிட்டா போதும், 1,500 குடுங்க" என்றார். 80,000 எங்கே, 1,500 எங்கே! இருவரில் ஒருவராவது சுவரைத் தொட்டுப் பார்த்தார்களா என்றால், ஊஹூம். நான் ஏதாவது கேட்டால், "சார் எப்பம்மா வருவாரு?" என்பதுதான் பதில். அந்த பாத்ரூமைத் தினமும் கழுவுகிறவள் நான். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத்தானே தெரியும்!

மூன்றாவதாக, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த டைல்ஸ்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வயதானவர். "டைல்ஸை அப்புறம் பாக்கலாம்மா. தண்ணி எங்கிருந்து போவுதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க. அதுக்கு நான் வேணாம், நீங்களே பண்ணலாம்" என்று வழியும் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கடிதம் எழுதுவதே முக்கியமாக அதைச் சொல்லத்தான்.

பாத்ரூமிலிருந்து தண்ணீர் கசிய நான்கு வழி உண்டு. சுவருக்குள் ஓடும் குழாய், தண்ணீர் வெளியேறும் ஜாலி மற்றும் அதன் கீழ்க் குழாய், தரை, சுவர் டைல்ஸ். இவற்றை ஒன்றொன்றாகச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

முதலில் கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லி, சீலிங்கில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். அவர் மருமகன் ஸ்டூலில் ஏறிப் போட்டார். பிறகு அந்த பாத்ரூமை இரண்டு நாள் பூட்டி வைத்தோம். நல்லவேளை, எங்களுக்கு இன்னொரு சிறிய பாத்ரூம் உண்டு. காலையில் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் வரிசை நின்றதை எழுதினால் அது தனிக் கதை. குழாயின் வால்வை மூடவில்லை. குழாயில் ஓட்டை இருந்தால் யாரும் குளிக்காவிட்டாலும் தண்ணீர் அழுத்தத்தில் கசிந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை, சொட்டும் நின்றிருந்தது. குழாய் தப்பித்தது.

மூன்றாம் நாள், தரை நனையாமல் ஜாலிக்குள் நேராகப் பத்து வாளி தண்ணீர் ஊற்றினேன். கீழே அக்கா அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். ஒன்றும் இல்லை. நான்காம் நாள், துணியை பிளாஸ்டிக் பையில் சுருட்டி ஜாலியை இறுக்க அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரவு முழுவதும் விட்டோம். அப்போதும் கீழே காய்ந்தே இருந்தது. ஐந்தாம் நாள் ஷவரைத் திறந்து, சுவர் மேல் மட்டும் படும்படி அரைமணி நேரம் விட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் போன். "ஏம்மா, கொக்கி பக்கம் முத்து முத்தா வருது!"

அடேயப்பா, அந்த நிமிஷம் இருவருக்கும் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. அன்றைக்குத்தான் அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காபி குடித்தார்.

சுவர்தான் என்று தெரிந்ததும், அடுத்தது தட்டிப் பார்க்கிற வேலை. ஒரு ரூபாய் நாணயம் போதும். ஒவ்வொரு டைல்ஸிலும் நடுவில் ஒரு தட்டு, நான்கு மூலையிலும் ஒவ்வொரு தட்டு. நன்றாகப் பிடித்திருந்தால் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். பின்னால் பொள்ளலாக இருந்தால் 'டொப்' என்று பானையைத் தட்டின மாதிரி கேட்கும். நாம் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அதே காதுதான் இதற்கும் வேண்டும். பொள்ளலான டைல்ஸ் மேல் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். ஆடியது என்னவோ இரண்டுதான். குறி விழுந்தது 14! பெரும்பாலும் கீழ் மூன்று வரிசையிலும், ஷவர் குழாயைச் சுற்றியும். (சுவரில் பாதிக்கு மேல் பொள்ளல் என்றால் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி என்றார் டைல்ஸ்காரர். எங்களுக்கு அவ்வளவு இல்லை.)

அவர் வந்து கீழ் வரிசை இடுக்கில் நகத்தை வைத்துக் காட்டினார். நகம் உள்ளே போனது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் அடைக்கிற பூச்சு கரைந்து பள்ளமாகியிருந்தது. "ஆசிட் ஊத்துவீங்களாம்மா?" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இந்த ஃபிளாட்டை நாங்கள் வேறொருவரிடமிருந்து வாங்கினோம். வந்த புதிதில் பரணில் காலி ஆசிட் பாட்டில்கள் உருண்டுகொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் போர் தண்ணீர். உப்பு அதிகம். பக்கெட், குழாய், சுவர் எல்லாம் வெள்ளை படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உப்புக் கறையில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்து, சிமென்டில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்து. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். கறையைத் தின்றுவிட்டு இடுக்குப் பூச்சையும் தின்னும். எலுமிச்சைத் தோல், வினிகர் என்று நாமே டிப்ஸ் எழுதுகிறோம் அல்லவா? அவையும் அமிலம்தான், வேகம் குறைவு, அவ்வளவே. குழாய் மேல் தேய்க்கலாம். இடுக்கில் ஊறவிடக் கூடாது, உடனே கழுவிவிட வேண்டும். இன்னொன்று, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தவறியும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. இப்போது நான் செய்வது, கடைசியாகக் குளிப்பவர் சுவரைத் தரை தள்ளும் வைப்பரால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டதுதான். தண்ணீர் நின்று காய்ந்தால்தானே உப்பு படியும்? என் பெண் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள்.

சரி, பழுது பார்த்த கதைக்கு வருகிறேன். வேலை தொடங்கும்போது அந்த பாத்ரூமின் கீசர் இணைப்பை மெயினிலேயே அணைத்தார். உளி வைக்கிற சுவரில் ஒயர் ஓடலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார். டைல்ஸ் சில்லு கண்ணாடிச் சில்லுக்குச் சளைத்ததல்ல. முதலில் ரம்பப் பிளேடால் இடுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகுதான் டைல்ஸை நெம்பினார். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிற நல்ல டைல்ஸும் விரிசல் விடுமாம். பொறுமையாக எடுத்ததில் 14-ல் 11 முழுதாக வந்தன. அந்த டிசைன் இப்போது கடையில் கிடைப்பதில்லை. உடைந்த மூன்றுக்குப் பதிலாக, வாஷ்பேஸினுக்குப் பின்னால் மறைவாக இருந்த மூன்றை எடுத்து இங்கே வைத்தார். அந்த இடத்துக்கு வெறும் வெள்ளை டைல்ஸ். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

டைல்ஸை எடுத்ததும் உள்ளே பார்த்தால், நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து சிமென்ட் உருண்டைதான்! மீதி இடம் எல்லாம் வெற்றிடம். தண்ணீர் ஜாலியாக ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டிக்கொடுத்த மாதிரி. சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்று இப்படி வைத்து அழுத்திவிடுகிறவர்கள் உண்டாம். ஷவர் குழாய் சுவரிலிருந்து வெளியே வருகிற இடத்திலோ, டைல்ஸில் ஒரு பெரிய ஓட்டை. மேலே மூடியிருந்த ஸ்டீல் கிண்ணத்தால் அது இத்தனை நாள் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. குளிக்கிற தண்ணீர் அதன் வழியாகவும் உள்ளே போயிருக்கிறது.

பழைய சிமென்டை எல்லாம் கொத்தி எடுத்தபின் சுவர் கரும்பச்சையாக, தொட்டால் சில்லென்று இருந்தது. அப்படியே ஒட்டிவிட மாட்டாரா என்று எனக்கு அவசரம். கீழே அக்கா மகளுக்கு நாள் நெருங்குகிறதே. அவர் அசையவில்லை. "ஈரத்து மேல ஒட்டினா மறுபடியும் என்னத்தான் கூப்பிடுவீங்க" என்றார். ஆறு நாள் டேபிள் ஃபேனை பாத்ரூம் வாசலில் வைத்து ஓடவிட்டோம். சுவர் வெளுத்த பிறகு, குழியான இடத்தைச் சிமென்ட் பூசிச் சமன் செய்து, அது காய்ந்ததும் நீர் இறங்காத பூச்சு இரண்டு கோட் அடித்தார். முதல் கோட் மேலிருந்து கீழ், இரண்டாவது குறுக்கே. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் வலைத்துணி வைத்து அதன்மேல் இன்னொரு கோட்.

இனி ஒட்டுகிற விஷயம். முன்பெல்லாம் டைல்ஸைத் தொட்டியில் ஊறவைத்துச் சிமென்ட் கலவையில் ஒட்டுவார்கள். சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். ஊறவைக்காமல் ஒட்டினால் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுகாமல் பொடியாகிவிடும். வைட்ரிஃபைடு டைல்ஸோ அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. அதன் முதுகு வழுவழுப்பில் வெறும் சிமென்ட் பிடிப்பதே கஷ்டம். இப்போது இரண்டுக்கும் டைல்ஸ் ஒட்டும் பசை 20 கிலோ மூட்டையில் வருகிறது. மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணையும், டைப் எத்தனை என்பதையும் பாருங்கள். 2019-ல் வந்த விதிப்படி ஐந்து டைப் உண்டு. எது சுவருக்கு, எது ஈரமான இடத்துக்கு, எந்த அளவு டைல்ஸுக்கு என்று மூட்டையிலேயே போட்டிருக்கும். கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கி வராமல் நின்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கலப்பது நமக்குத் தெரிந்த வேலை மாதிரிதான். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் பொடியைப் போட வேண்டும். உளுந்து வடை மாவுப் பதம். கலந்ததும் சில நிமிஷம் அப்படியே விட்டு, மறுபடி ஒரு கிளறு கிளறிய பிறகே எடுக்க வேண்டும். நேரமாகி இறுகிவிட்டால் தண்ணீர் தெளித்துக் குழைத்து ஏமாற்றக் கூடாது, கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்தார். சீப்பு மாதிரி பல் வைத்த கரணையால் சுவரில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லியதாகப் பூசி, வைத்து அழுத்தி லேசாக நகர்த்தினார். ஒன்றை ஒட்டியவுடனே பிடுங்கி எனக்குக் காட்டினார்! முதுகு முழுக்கப் பசை பிடித்திருந்தது, பொட்டு இடம் காலி இல்லை. "இப்படி எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளும்மா, யார் வேலை பண்ணாலும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டேன்.

மறுநாள்தான் இடுக்கு அடைத்தார். எபாக்ஸி என்று ஒரு வகை உண்டு. விலை கூடுதல், பூசுவதும் சிரமம், ஆனால் தண்ணீரும் கறையும் எளிதில் ஏறாது. ஷவர் பக்கச் சுவர்கள் முழுக்க, நன்றாக இருந்த டைல்ஸின் இடுக்கையும் சேர்த்துச் சுரண்டி, அதையே போடச் சொன்னேன். மற்ற இடத்துக்குச் சாதாரணப் பூச்சு. சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் இரண்டுமே வேண்டாம் என்று சிலிக்கான் பிதுக்கினார். மூலைகளில் கட்டடம் ஒரு மயிரிழை அசைந்துகொடுக்குமாம். கெட்டியான பூச்சு அங்கே விரிசல் விடும், சிலிக்கான் ரப்பர் மாதிரி கூடவே அசையும். ஷவர் குழாயின் ஓட்டையைச் சுற்றிலும் அதுவே.

எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிந்தது. காயவைத்த நாட்களையும் சேர்த்து இரண்டு வாரம் ஆனது. பசையும் பூச்சும் நன்றாக இறுகட்டும் என்று அதற்குப் பிறகும் ஒரு வாரம் அங்கே குளிக்கவில்லை. அப்புறம் முதல் நாள் மறுபடியும் அரைமணி நேரம் ஷவரைச் சுவரில் விட்டோம். கீழே அக்கா, அவர் மருமகன், என் மாமியார் மூவரும் அண்ணாந்து நின்றார்கள். சாயங்காலம்வரை ஒரு சொட்டு இல்லை.

சீலிங்கைச் சரிசெய்ய ஆன செலவை நாங்கள்தான் கொடுத்தோம். அக்கா பாதி தருகிறேன் என்றார். என் கணவர் வாங்கவில்லை. பெயர்ந்த இடத்தைத் தட்டி எடுத்துப் பார்த்தபோது கம்பியில் மேலாகத்தான் துரு, மெலியவில்லை. அதைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்துப் பூசினார்கள். பெயின்ட் மட்டும் இரண்டு மாதம் கழித்து என்று சொல்லிவிட்டார் மேஸ்திரி. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் அடித்தால் கொப்பளித்துக்கொண்டு உரியும்.

பூச்சு வேலை முடிந்த நாலாம் நாள் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த அறைக்கே வந்துவிட்டார்கள். ஆனால் துருவேறிய கொக்கியில் தூளி கட்ட வேண்டாம் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னதால், என் பிள்ளைகளுக்கு வாங்கிய ஸ்டாண்டு தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு எங்கள் சிறிய பாத்ரூம் சுவரையும் தட்டிப் பார்த்தேன். மூன்று டைல்ஸ் 'டொப்' என்கிறது. இன்னும் ஆடவில்லை. டைல்ஸ்காரர் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

– ஒரு வாசகி,
மேடவாக்கம்.